குப்பிக்குள் பாதி ஏற்பி

"அக்கா, வெறும் குப்பியை அனுப்பிட்டாங்க. திருப்பி எடுத்துக்கச் சொல்லி மெயில் போடட்டுமா?"

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, சுண்டுவிரல் நீளக் குப்பி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். பெரிய தெர்மாகோல் பெட்டி, அதில் ஐஸ் பொட்டலங்கள், நடுவே ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் இந்தக் குப்பி. குப்பிக்குள் எதுவுமே தெரியவில்லை. முதன்முறை பார்க்கிற யாருக்கும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

"மூடியைத் திறந்துட்டியா?"

"இல்லக்கா. வெளியிலிருந்தே தெரியுதே."

அவன் திறக்காதது எங்கள் அதிர்ஷ்டம். உள்ளே 100 மைக்ரோகிராம் புரதம் இருந்தது. ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை உறிஞ்சி எடுத்து, பொடியாக்கி அனுப்புவார்கள். அடியில் மெல்லிய வெள்ளைப் படலம்போல் ஒட்டியிருக்கும். சில சமயம் வழியில் குலுங்கி மூடியின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுற்றி அடியில் இறக்காமல் மூடியைத் திறந்தால், எடைக்கு எடை தங்கத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு விலையுள்ள பொருள் காற்றோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடியில் 3,000 லட்சம் கோடிக்கும் அதிகமான மூலக்கூறுகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தம்பி குப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

லேபிளில் இருந்த பெயர்: மறுசேர்க்கை மனித பிடி-1. மனிதனின் டி செல் மேல் இருக்கும் ஓர் ஏற்பி. அந்தச் செல்லிலிருந்து பிரித்து எடுத்தது அல்ல; அதன் மரபணுவை வேறொரு செல்லுக்குள் புகுத்தி, அந்தச் செல்லைக்கொண்டு செய்வித்தது. மறுசேர்க்கை என்ற சொல்லுக்கு இங்கே பொருள் அவ்வளவுதான்.

அன்று மாலை அவனுக்குச் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இந்தத் துறைக்குள் புதிதாக வரும் எல்லாருக்கும் இது தேவைப்படும். இதில் ஒரு பகுதியை நான் நாலு மாதத்தை இழந்து கற்றேன்.

*

பிடி-1 என்று தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளைத்தான் ஒலிபெயர்க்கிறோம். ஆனால் தமிழில் அது 'பிடி' என்றே வந்து நிற்கிறது. இந்தப் புரதத்தின் வேலையும் பிடிபடுவதுதான். சூட்டியவர்கள் நினைத்த பொருள் வேறு. 'திட்டமிட்ட மரணம்' என்ற தொடரின் முதலெழுத்துகள் அவை.

1992இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகத்தில் யசுமசா இஷிடா ஒரு கேள்வியோடு இருந்தார். சில டி செல்கள் தாமாகவே செத்துப்போகின்றனவே, அப்போது எந்த மரபணு விழித்துக்கொள்கிறது? சாகத் தொடங்கிய செல்லில் செயல்படும் மரபணுக்களிலிருந்து நலமாக இருக்கும் செல்லில் செயல்படும் மரபணுக்களைக் கழித்தார். மிஞ்சியதில் ஒன்று இது. மரணத்தைத் தேடிப்போனபோது கிடைத்ததால் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு பார்த்தால், செல் சாவதற்கு இது நேரடிக் காரணமே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்படியானால் இது என்னதான் செய்கிறது? பதில் கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆயின. 1999இல் ஹிரோயுகி நிஷிமுராவும் ஹோஞ்சோவும் சக ஆய்வாளர்களும் பிடி-1 மரபணுவை நீக்கிய எலிகளைப் பற்றி எழுதினார்கள். அந்த எலிகளுக்கு வயதாக ஆக மூட்டுகள் வீங்கின, சிறுநீரகங்கள் கெட்டன. அவற்றின் நோய் எதிர்ப்புப் படை சொந்த உடலையே தாக்கத் தொடங்கியிருந்தது. 2001இல் இன்னொரு வகை எலியில் இதையே செய்தபோது இதயம் வீங்கித் தளர்ந்தது. ஒரே மரபணுதான் இல்லை; எலியின் வம்சத்தைப் பொறுத்து நோய் வேறாக வந்தது. எனக்கு இந்தத் துறையில் ஆசை பிறந்ததே இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படித்த இரவில்தான்.

டி செல்லைத் துள்ளும் காளையாக நினைத்துக்கொள்ளுங்கள். கிருமி பிடித்த செல்லைக் குத்திக் கிழிக்க வேண்டியது அதுதான். ஆனால் வேலை முடிந்த பிறகும் துள்ளிக்கொண்டே இருந்தால் வீட்டுத் திண்ணையையும் இடித்துவிடும். அதனால் கிளர்ந்தெழுந்த டி செல் தன் மேல் ஒரு மூக்கணாங்கயிற்றைத் தானே அணிந்துகொள்கிறது. அந்தக் கயிறுதான் பிடி-1. அதைப் பற்றி இழுக்கும் கை மற்ற செல்களின் மேல் இருக்கிறது. பிடி-எல்1 என்று அதற்குப் பெயர். 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லீபிங் சென் குழு இதை வேறு பெயரில் விவரித்திருந்தது. பிடி-1ஐப் பற்றும் கை இதுவேதான் என்பதை 2000இல் கார்டன் ஃப்ரீமன், ஹோஞ்சோ முதலானோர் காட்டினார்கள். பிடி-எல்2 என்று இன்னொரு கையும் உண்டு.

புற்றுநோய்ச் செல்களில் பல இந்தக் கையைத் தம் மேல் நிறைய முளைக்கவைத்துக்கொள்கின்றன. கொல்ல வரும் காளையின் கயிற்றைப் பற்றி அடக்கிவிடுகின்றன. கயிற்றின் மேல் ஓர் ஆன்டிபாடியை ஒட்டி மூடிவிட்டால் அந்தக் கைக்குப் பிடி கிடைக்காது. இதுதான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகளின் அடிப்படை. இரண்டும் 2014இல் அனுமதி பெற்றன. நிவோலுமாப் முதலில் ஜப்பானில். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் மெலனோமா மூளைவரை பரவியிருந்தது. அறுவை, கதிரியக்கம், கூடவே பெம்ப்ரோலிசுமாப். அதே ஆண்டு டிசம்பரில் புற்றின் தடயம் இல்லை என்று அவரே அறிவித்தார். பிறகு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, நூறு வயது நிறைந்து 2024இல் மறைந்தார். எல்லா நோயாளிக்கும் இப்படி நடப்பதில்லை. பலருக்கு இந்த மருந்து பலன் தருவதே இல்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விதான் உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தச் சின்னக் குப்பிகளை வாங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம். ஹோஞ்சோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு கயிற்றில் வேலை செய்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018இல் நோபெல் பரிசு கிடைத்தது.

*

இனி குப்பிக்கு வருகிறேன். அதற்குள் இருப்பது முழு பிடி-1 இல்லை.

மனித பிடி-1 மொத்தம் 288 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. தொடக்கத்தில் இருபது சொச்சம் வெறும் வழிகாட்டிச் சீட்டு; புரதத்தைச் செல்லின் வெளிப்புறத்துக்கு அனுப்பிவிட்டு அறுந்து விழுந்துவிடும். அடுத்து, செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலை. பிறகு, செல் சவ்வின் கொழுப்புக்குள் புதைந்து நிற்கும் ஒரு சிறு துண்டு. கடைசியாக, செல்லுக்கு உள்ளே தொங்கும் சுமார் நூறு அமினோ அமில வால். பிடிபடுவது தலை, சேதி சொல்வது வால். வாலில் உள்ள இரண்டு டைரோசின்களில் பாஸ்பேட் ஏறியதும், எஸ்எச்பி2 என்ற நொதி அங்கே வந்து உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் டி செல்லை உசுப்பிவிடும் புரதங்களின் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. காளை அடங்குவது இப்படித்தான்.

சவ்வில் புதையும் துண்டு தண்ணீரை வெறுப்பது. அதோடு சேர்த்துக் கரைசலாக்கினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போகும். அதனால் தயாரிப்பவர்கள் தலையை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். எங்கள் குப்பியோடு வந்த தாளில், 25ஆம் இடத்து லூசின் முதல் 167ஆம் இடத்து குளூட்டமின் வரை என்று போட்டிருந்தது. எண்ணிப் பாருங்கள், 143. முழுச் சங்கிலியில் சரிபாதிகூட இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மருந்து எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று பார்க்க இந்தத் தலை போதும். ஆனால் லேபிளில் 'பிடி-1' என்று படித்துவிட்டு, டி செல் மேல் இருக்கும் அதே பொருள் கைக்கு வந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. இந்தக் குப்பியிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணும் வெட்டி எடுத்த தலையைப் பற்றிய எண். வாங்குபவர் அதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிடி-1 டி செல் மேல் ஒற்றையாய்த்தான் நிற்கிறது என்று வெகுகாலம் எழுதிவந்தோம். சிடி28, சிடிஎல்ஏ-4 போன்ற உறவுக்காரப் புரதங்கள் ஒரு கந்தகப் பிணைப்பால் இரட்டையாகக் கோத்துக்கொள்ளும். பிடி-1இன் தலைக்கு அந்தப் பிணைப்பு இல்லை. கரைசலில் வைத்துப் பார்த்தால் தலைகள் தனித்தனியாகவே இருக்கின்றன. எனவே ஒற்றை என்றே முடிவு செய்தார்கள். 2024இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சகாக்களும் வேறு கதை சொன்னார்கள்: சவ்வில் புதைந்திருக்கும் அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று தழுவிக்கொள்வதால், செல்லின் மேல் பிடி-1 இரட்டையாகவும் நிற்கிறது, அந்த இரட்டைநிலைக்கு டி செல்லை அடக்குவதில் பங்கும் இருக்கிறது. குப்பிப் புரதத்தில் நாம் வெட்டி எறிந்தது சரியாக அந்தத் துண்டைத்தான்! எறிந்த பகுதியில் இருந்த சேதியை மிச்சப் பகுதியைக் கேட்டு எப்படி அறிவது?

*

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: எந்தச் செல் இதைச் செய்தது?

எங்கள் குப்பியில் ஹெக் 293 என்று இருந்தது. மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வரிசை. 1973இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், அலெக்ஸ் வான் டெர் ஏப் ஆய்வகத்தில் ஃபிராங்க் கிரஹாம் என்பவர், அடினோவைரஸின் டிஎன்ஏ துண்டுகளைச் செலுத்தி இந்தச் செல்களை ஓயாமல் பெருகுபவையாக மாற்றினார். 293 என்பது அவருடைய சோதனை வரிசை எண். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த ஒரு வெற்றியின் வாரிசுகள் உலகமெங்கும் கண்ணாடிக் குடுவைகளில் குலுங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு கருவின் உடலிலிருந்து தொடங்கியது என்பதால் இதைப் பயன்படுத்துவதில் மனச்சங்கடம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சங்கடத்தை நான் மதிக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் இந்தச் செல்லின் வரலாற்றை மறைக்காமல் சொல்லிவிடுவது எங்கள் கடமை என்றும் நினைக்கிறேன்.

மனிதச் செல் எதற்கு, ஈ.கோலை பாக்டீரியாவில் மலிவாகச் செய்துவிடலாமே என்று தம்பி கேட்டான். செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் பாக்டீரியா சர்க்கரை போடாது. பிடி-1இன் தலையில் 49, 58, 74, 116 ஆகிய நான்கு இடங்களில் அஸ்பராஜின் இருக்கிறது. மனிதச் செல்லில் இந்த நான்கிலும் கிளைவிட்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஏறுகின்றன. அமினோ அமிலக் கணக்குப்படி இந்தத் தலையின் எடை 17 கிலோடால்டன் அருகே. ஜெல்லில் ஓட்டினால் 30க்கும் மேலே, கூர்மையான கோடாக இல்லாமல் அகலமான புகைமண்டலமாக நிற்கும். தவறான புரதம் வந்துவிட்டது என்று நானும் முதலில் பதறியிருக்கிறேன். அது தவறில்லை. ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரை கொஞ்சம் கூடக்குறைய இருப்பதால்தான் கோடு பரவுகிறது. சர்க்கரையை நொதியால் வெட்டிவிட்டு ஓட்டினால் கீழே இறங்கி ஒழுங்காக நிற்கும்.

அந்தச் சர்க்கரை வெறும் அலங்காரம் இல்லை. கேம்ரெலிசுமாப் என்ற ஆன்டிபாடி 58ஆம் இடத்துச் சர்க்கரையையும் சேர்த்துத்தான் பற்றுகிறது. பாக்டீரியாவில் செய்த பிடி-1ஐ வைத்து அதைச் சோதித்தால், மருந்து சரியில்லை என்று பழி போட்டுவிடுவோம். பாக்டீரியாவில் செய்யும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. 93ஆம் இடத்தில் ஜோடி இல்லாத ஒரு சிஸ்டீன் இருக்கிறது. பாக்டீரியாவுக்குள் கட்டியாகிக் கிடக்கும் புரதத்தைக் கரைத்து மறுபடி மடிக்கும்போது, அந்தத் தனிச் சிஸ்டீன் போய்க் கண்ட இடத்தில் கோத்துக்கொள்ளும். அதனால் அதை செரினாக மாற்றிவிடுவது வழக்கம். வடிவத்தை ஆராய்கிறவர்களுக்கு இப்படிச் சர்க்கரை இல்லாத, சீரான புரதம்தான் வசதி, படிகமாக்க எளிது. ஆக, எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

*

இப்போது அந்த நாலு மாதக் கதை.

புரதத்தைக் குழம்பிலிருந்து பிரித்தெடுக்க அதன் நுனியில் ஒரு டேக் கோப்பார்கள். ஹிஸ் டேக் என்றால் ஆறு ஹிஸ்டிடின்கள். நிக்கல் பூசிய மணிகளில் ஒட்டிக்கொள்ளும், இமிடசோல் ஊற்றினால் இறங்கிவிடும். இன்னொன்று எஃப்சி டேக். ஆன்டிபாடியின் அடித்தண்டை அப்படியே ஏற்பியின் தலைக்குக் கீழே ஒட்டிவிடுவது. புரதம் நிலையாக இருக்கும், விளைச்சல் கூடும், பிரிப்பதும் சுலபம். ஆனால் ஆன்டிபாடியின் தண்டு எப்போதும் இரண்டிரண்டாகச் சேர்ந்தே நிற்கும். ஆகவே எஃப்சி டேக் போட்ட பிடி-1க்கு இரண்டு தலை.

நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது பிடி-1க்கும் பிடி-எல்1க்கும் இடையே உள்ள பிணைப்பின் வலுவை அளக்க வேண்டியிருந்தது. எஸ்பிஆர் என்ற கருவி. தங்கம் பூசிய சிப்பின் மேல் ஒரு புரதத்தை ஒட்டிவிட்டு, மற்றதை மேலே ஓட விட்டால், ஒட்டுவதும் பிரிவதும் கோடாக எழுந்து இறங்கும். சிப்பில் பிடி-எல்1ஐ நெருக்கமாக ஒட்டினேன். ஃப்ரீசரில் இருந்தது எஃப்சி டேக் போட்ட பிடி-1. அதை மேலே ஓட விட்டேன். கோடு அழகாக ஏறியது, இறங்கவே மனமில்லாமல் நின்றது. கணக்கிட்டால் சில நானோமோலார். ஒருசில ஆன்டிபாடிகளுக்கு நிகரான பிடி. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே எண். அதை நம்பி அடுத்தடுத்த சோதனைகளைத் திட்டமிட்டேன்.

வாராந்தரக் கூட்டத்தில் படத்தைக் காட்டியபோது மூத்த விஞ்ஞானி ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "உன் புரதத்துக்கு எத்தனை கைம்மா?"

ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கிறோம். கை வழுக்கினால் விழுவோம். இரு கையாலும் பிடித்தால், ஒன்று வழுக்கும்போது மற்றது தாங்கும். அதற்குள் வழுக்கிய கை மறுபடி பற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரும்புப் பிடி என்று தோன்றும். ஒவ்வொரு கையின் பிடியும் பலவீனமானதாகவே இருக்கலாம். நான் அளந்தது பிணைப்பின் வலுவை அல்ல. இரண்டு கைகள் மாறி மாறித் தாங்கியதை.

ஒற்றைத் தலையை வைத்து முறையாக அளந்தவர்கள் எனக்கு முன்பே இருந்தார்கள். 2013இல் ஆக்ஸ்ஃபோர்டின் சைமன் டேவிஸும் லெஸ்டரின் மார்க் காரும் உள்ளிட்ட குழு வெளியிட்ட எண்கள்: பிடி-எல்1க்கு சுமார் 8 மைக்ரோமோலார், பிடி-எல்2க்கு 2 மைக்ரோமோலாரை ஒட்டி. என் எண்ணோடு வைத்துப் பார்த்தால் ஆயிரம் மடங்குக்கும் மேல் பலவீனம். ஹிஸ் டேக் போட்ட ஒற்றைத் தலையை வாங்கி மறுபடி ஓட விட்டேன். கோடு சட்டென்று ஏறி, ஓட்டத்தை நிறுத்தியதும் சட்டென்று விழுந்தது. மைக்ரோமோலார்தான்.

எஃப்சி டேக் கெட்டது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அதையே சிப்பில் ஒட்டிவிட்டு ஒற்றைக் கை பிடி-எல்1ஐ மேலே ஓட விட்டிருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும். நான் தலைகீழாகச் செய்தேன். அந்த மாதங்களின் நோட்டுப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்டுவதற்காக.

அந்தப் பலவீனமான எண்ணைப் பற்றி யோசிக்க யோசிக்க எனக்கு வியப்புதான் கூடியது. உடலில் இந்தப் பிடி பலவீனமாகத்தான் இருந்தாக வேண்டும். டி செல் ஒரு செல்லைத் தொட்டுப் பார்க்கிறது, விடுகிறது, அடுத்ததற்கு நகர்கிறது. ஒவ்வொரு தொடுகையிலும் நானோமோலார் இறுக்கத்தில் ஒட்டிக்கொண்டால் நகரவே முடியாது. தனித்தனியே தளர்வான நூற்றுக்கணக்கான பிடிகள் ஒரே இடத்தில் கூடும்போதுதான் அடக்கம் நிகழ்கிறது. விலக வேண்டுமானால் விலகவும் முடிகிறது. மருந்தாகச் செலுத்தும் ஆன்டிபாடி வெல்வதும் இதனால்தான். அது நானோமோலாரிலும் அதைவிட இறுக்கமாகவும் பற்றும். மைக்ரோமோலார் கை அதோடு போட்டி போட முடியாது.

*

செல் வளர்ப்பில் இந்தப் புரதத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் அடிக்கடி ஒரு குழப்பத்தைப் பார்க்கிறேன். பிடி-1 டி செல்லை அடக்குவது. ஆகவே குப்பி பிடி-1ஐ டி செல்கள் நீந்தும் திரவத்தில் சேர்த்தால் அவை அடங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நடப்பது இதற்கு நேர் எதிர். அறுந்த கயிற்றை வழியெல்லாம் போட்டுவைத்தால், அடக்க வந்த கைகள் அதைப் பற்றிக்கொண்டு நிற்கும். காளையின் மூக்கில் உள்ள கயிறு சும்மா தொங்கும். மிதக்கும் பிடி-1 பிடி-எல்1ஐ மறைத்து, டி செல்லை அவிழ்த்துவிடுகிறது. டி செல்லை அடக்க வேண்டுமானால் பிடி-எல்1ஐ வாங்கி, தட்டின் அடிப்பரப்பில், டி செல்லை உசுப்பும் ஆன்டிபாடியோடு சேர்த்துப் பூச வேண்டும்.

எலிச் செல்லில் சோதிப்பவர்களுக்கும் ஒரு சொல். மனித பிடி-1க்கும் எலி பிடி-1க்கும் அமினோ அமில ஒற்றுமை சுமார் 60 சதவீதம்தான். மனிதப் பிடி-எல்1 எலியின் பிடி-1ஐப் பற்றுகிறது, நிவோலுமாப் பற்றாது. ஒன்று பற்றுகிறது என்பதற்காக மற்றதும் பற்றும் என்று ஊகிக்கக் கூடாது.

எண்டோடாக்சினையும் சொல்லிவிட வேண்டும். பாக்டீரியாவின் வெளித்தோலில் உள்ள கொழுப்புச் சர்க்கரை அது. துளி இருந்தாலும் இரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் கொந்தளித்துவிடும். புரதம்தான் அப்படிச் செய்தது என்று நாம் எழுதிவிடுவோம். தாளில் ஒரு மைக்ரோகிராமுக்கு இத்தனை அலகுக்கும் கீழே என்று போட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை லாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து வந்தது. எண்டோடாக்சின் பட்டால் அந்த இரத்தம் உறைந்துவிடும். அந்த நண்டின் காரணிப் புரதத்தையே மறுசேர்க்கை முறையில் செய்யும் வழியை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பௌ இணை உருவாக்கியது. நண்டைப் பிடித்து இரத்தம் எடுக்காமலே இன்று இந்தச் சோதனையைச் செய்ய முடிகிறது. மறுசேர்க்கைத் தொழில்நுட்பம் செய்த நல்ல காரியங்களில் இதற்கு நான் உயர்ந்த இடம் தருவேன்.

மற்றவை கைப்பழக்கம். தாளில் சொன்ன பஃபரைத் தாளில் சொன்ன அளவே ஊற்றுங்கள். வோர்டெக்ஸில் வைத்து அடிக்காதீர்கள். நுரைத்தால் புரதம் விரிந்து கெட்டுப்போகும். மெல்லச் சாய்த்துச் சுழற்றி, கால்மணி நேரமாவது காத்திருங்கள். சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒரு பங்கை ஒருமுறைக்கு மேல் உருக்காதீர்கள். மிக நீர்த்த கரைசலானால் டியூபின் சுவரே பாதியை விழுங்கிவிடும். புரதம் ஒட்டாத டியூப் எடுங்கள். பயோட்டின் ஏற்றவோ சிப்பில் ஒட்டவோ போகிறீர்கள் என்றால், ஆல்புமின் கலக்காத வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒட்டியதில் பெரும்பகுதி ஆல்புமினாக இருக்கும்.

*

மறுநாள் தம்பி குப்பியைச் சுற்றி இறக்கி, பஃபர் ஊற்றி, பத்துப் பங்காகப் பிரித்தான். ஒவ்வொரு டியூபிலும் 'பிடி-1' என்று மட்டும் எழுதி, தேதி போட்டிருந்தான். அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன்: மனித பிடி-1, 25 முதல் 167, ஹிஸ் டேக், ஹெக் 293, தொகுதி எண், செறிவு. அவ்வளவு சின்ன டியூபில் அவ்வளவையும் எழுத இடம் போதவில்லை. பெட்டியின் மூடியில் ஒரு தாளை ஒட்டி அதில் எழுதினான்.

இந்த விவரங்கள் டியூபோடு நின்றுவிடக் கூடாது. ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் "மறுசேர்க்கை மனித பிடி-1 வாங்கப்பட்டது" என்று ஒரே வரியில் கடந்துபோவதை இன்றும் பார்க்கிறேன். எந்தத் துண்டு, எந்த டேக், எந்தச் செல், ஒற்றையா இரட்டையா என்று தெரியாவிட்டால் அந்தக் கட்டுரையில் உள்ள பிணைப்பு எண்ணை வைத்து வேறு யாரும் எதுவும் செய்ய முடியாது. கட்டுரை எழுதுகிறவர்களே, அந்த இன்னொரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். கட்டுரையைச் சரிபார்க்கிறவர்களே, அந்த வரி இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.